ஒடியும் முடியும் முளைக்கும் முடியும்

(மதுரையில் ஒரு மகளிர் கல்லூரி விழாவில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னிடம் வரும் இளம்பெண்களில் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ரீபாண்டிங் செய்தேன், அதன்மேல் கலர் போட்டேன், ஒரு வருடம் கழித்து ஸ்மூத்தனிங் செய்தேன், இப்போது முடி பாழாகிவிட்டது, இதைப் பழையபடி ஆக்க என்ன போடலாம் என்று கேட்கிறார்கள். கூட வந்த அம்மா, "கை வெச்சாலே ஒடியுது டாக்டரம்மா" என்கிறார். நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன முடியைப் பழையபடி ஆக்கும் பொருள் உலகில் எதுவும் இல்லை. அதே சமயம், நல்ல முடி உங்கள் தலையில் இந்த நிமிடமும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. புது முடி வளர்ந்து இறங்கும்வரை பழைய முடியை ஒடியாமல் காப்பாற்ற வேண்டும். நம் கையில் இருக்கும் வேலை அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முடி தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் பிறக்கிறது. அங்கே உள்ள செல்கள் உயிருள்ளவை. இரத்தம் அவற்றுக்கு உணவு கொண்டுவருகிறது. அவை கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, இறுகி, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. தோலைத் தாண்டி வெளியே வந்த முடியில் நரம்பு இல்லை, இரத்தம் இல்லை, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. காலில் பட்ட காயம் ஆறுகிறது என்றால், அங்கே புதுச் செல்கள் பிறந்து வெட்டுப்பட்ட இடத்தை மூடுகின்றன. முடியில் அந்த வேலையைச் செய்ய எதுவுமே இல்லை.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். இந்தக் கணக்கில், 60 சென்டிமீட்டர் நீளச் சடையின் நுனிக்கு 5 வயது. இறுதியாண்டு படிக்கும் மாணவியின் சடை நுனி, அவர் பத்தாம் வகுப்பு படித்தபோது முளைத்தது. அன்றிலிருந்து எத்தனை வெயில், எத்தனை தலைக்குளியல், எத்தனை முறை சீப்பு, எத்தனை ரப்பர் பேண்ட்! அவ்வளவையும் அந்த நுனி தாங்கியிருக்கிறது. அதன்மேல்தான் நாம் ரசாயனத்தையும் பூசுகிறோம்.

அந்த ரசாயனம் முடிக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின்மேல் இன்னொன்று படிந்து, மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். முடியின் வெளிப்புறமும் அப்படித்தான். மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி 6 முதல் 10 அடுக்கு வரை படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. முடிக்கு வழவழப்பைத் தருவதும், தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் காப்பதும் அந்தப் படலமே. செதில்களுக்கு உள்ளே கெரட்டின் இழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முடி கருகும்போது வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தால் வருவது. முடியின் பலமும், அது சுருளா நேரா என்பதும் பெரும்பாலும் இந்தப் பிணைப்புகளைப் பொறுத்தவை.

முடியை நேராக்கும் ரீபாண்டிங்கில் முதலில் பூசும் கிரீமில் அம்மோனியம் தயோகிளைகோலேட் இருக்கிறது. அது காரத்தன்மை உடையது. செதில்களை விரியவைத்து உள்ளே போய்க் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. பிறகு கழுவி, உலர்த்தி, சூடான இரும்பால் இழுத்து நேராக்குகிறார்கள். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர் பூசி, அறுந்த பிணைப்புகளைப் புது வடிவில் மறுபடி சேர்க்கிறார்கள். அறுந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலம் போய்விடுகிறது. 6 மாதமோ ஒரு வருடமோ கழித்து வேர்ப்பக்கம் சுருளாக முளைக்கும். 'டச்-அப்' செய்யப் போவீர்கள். புது முடிக்கு மட்டும் தடவ வேண்டிய கிரீம் ஏற்கெனவே நேராக்கிய பகுதியிலும் இறங்கினால், மிச்சமிருந்த பிணைப்புகளும் அறுந்துவிடும். கொத்தாக ஒடிந்து விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாம், மூன்றாம் முறையில்தான்.

பிளீச் இன்னும் கடுமையானது. நம் கறுப்பு முடியைத் தேன் நிறத்துக்கோ சாம்பல் நிறத்துக்கோ கொண்டுவர, பெராக்சைடோடு பெர்சல்ஃபேட் உப்புகளையும் கலந்து, முடிக்குள் இருக்கும் மெலனின் நிறமியைச் சிதைக்கிறார்கள். நிறமியோடு கந்தகப் பிணைப்புகளும் சிதைகின்றன. இங்கே நடக்கும் மாற்றத்துக்குத் திரும்பும் வழி இல்லை. மேலே இருந்த கொழுப்புப் படலமும் போய்விடுகிறது. அப்புறம் முடி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். குளித்து வெகுநேரமாகியும், வேர்ப்பக்கம் காய்ந்து நுனி மட்டும் ஈரமாகவே இருக்கிறதா? படலம் போன முடியின் அடையாளம் அது.

'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் செய்தால் முடிக்குப் புரதம் ஊட்டப்படுகிறது என்று பலர் நம்புகிறார்கள். முடியை நேராக நிற்கவைப்பது அதிலுள்ள கெரட்டின் அல்ல. பல வகைகளில் அந்த வேலையைச் செய்வது, சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும் பொருள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. அது இல்லாதது என்று விற்கப்படும் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் கலந்த கிரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2024இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனத்தை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதாக அது சொல்கிறது. ரசாயனம்தான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வே நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எச்சரிக்கையாக இருக்க இது போதும் என்று சொல்வேன்.

இனி, செய்ய வேண்டியவை.

இன்று இரவு தலைவாரிய பிறகு சீப்பில் இருக்கும் முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில முடிகளின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். அவை வேரோடு உதிர்ந்தவை. நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. வேறு சில துண்டு துண்டாக, இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் இருக்கும். நடுவில் ஒரு வெண்புள்ளி தெரியலாம். அந்த இடத்தில் விரலை வைத்து வளைத்தால் ஒடியும். அவை உதிர்ந்தவை அல்ல, ஒடிந்தவை. இரண்டையும் நாம் 'முடி கொட்டுது' என்றே சொல்கிறோம். வைத்தியம் இரண்டுக்கும் வேறு வேறு. குமிழ் உள்ளவை அதிகமாக இருந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும். துண்டுகள் அதிகமாக இருந்தால் முடியைக் கையாளும் விதத்தை மாற்ற வேண்டும்.

ஒடிகிறது என்றால், முதல் வைத்தியம் நிறுத்துவது. டச்-அப் வேண்டாம், பிளீச் வேண்டாம், போன கலரைச் சரிசெய்ய இன்னொரு கலரும் வேண்டாம். அயர்னிங் இரும்பையும் எடுத்து உள்ளே வையுங்கள். ஈர முடியில் சூடான இரும்பை வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே ஆவிக்குமிழிகளை உண்டாக்கும். இரும்பை வைக்கும்போது கேட்கும் 'சுர்ர்' என்ற சத்தம் அதுதான். ஆவிக்குமிழி விழுந்த இடத்தில் முடி ஒடியும்.

இரண்டாவது, வெட்டுவது. மொத்தமாக வெட்டிவிட்டுத் தொடங்கும் துணிவு சிலருக்கு உண்டு. அது மிக விரைவான வழி. எல்லோராலும் முடியாது. வீட்டில் கல்யாணம் இருக்கும், வேலைக்கான நேர்காணல் இருக்கும், மனசும் இடம் கொடுக்காது. அவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை 1 முதல் 2 சென்டிமீட்டர் நுனி வெட்டினால் போதும். வருடத்துக்கு 12 சென்டிமீட்டர் முளைக்கும். 4 முதல் 8 வரை வெட்டுப்படும். மொத்த நீளம் குறையாமல் கெட்ட பகுதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெறும். வெடித்த நுனியை விட்டுவைத்தால் வெடிப்பு மேலேறி நல்ல பகுதியையும் பிளக்கும். வளர்பிறையில் வெட்டினால் வேகமாக வளரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நுனியில் வெட்டியது மயிர்க்காலுக்குத் தெரியாது. வளர்ச்சியின் வேகம் எந்த நாளில் வெட்டினாலும் ஒன்றுதான். வெட்டினால் நீளம் மிஞ்சுகிறது, ஏனென்றால் ஒடிவது குறைகிறது.

மூன்றாவது, தலைக்குளியல். பாதிக்கப்பட்ட முடி பெரும்பாலும் குளியலறையில்தான் ஒடிகிறது. நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது, நீள்கிறது, பலமிழக்கிறது. நம் பாட்டிமார் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்ததற்கு இங்கே நல்ல பயன் இருக்கிறது. மும்பை ஆய்வாளர்கள் 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது; முடிக்குள் ஊடுருவுகிறது, தண்ணீர் ஏறுவதைத் தடுக்கிறது. அந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அவர்கள் காட்டிய காரணம் வலுவானது. நானும் இதையே பரிந்துரைக்கிறேன். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, நடு முடியிலிருந்து நுனிவரை எண்ணெய் தடவுங்கள். பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊறவைக்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பே தீனி.

ஷாம்பூ உச்சந்தலைக்கு மட்டும். தண்ணீர் ஊற்றும்போது வழிந்து வரும் நுரையே நுனிக்குப் போதும். முடியை உச்சியில் குவித்து வைத்துக் கசக்காதீர்கள். சீயக்காயும் அரப்பும் நல்லவைதான். ஆனால் பிளீச் செய்த முடியில் பொடியை வைத்துத் தேய்த்தால் உராய்வில் செதில்கள் பெயரும். பொடியை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

கண்டிஷனர் போட்டால் முடி கொட்டும் என்ற பயம் இங்கே பரவலாக இருக்கிறது. உண்மையில், பாதிக்கப்பட்ட முடிக்குக் கடையில் கிடைப்பவற்றில் மிகவும் பயனுள்ள பொருள் அது. ரசாயனம் பட்ட முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் கூடுகிறது. கண்டிஷனரில் இருப்பவை நேர் மின்னேற்றம் கொண்டவை. அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே அவை அதிகமாக ஒட்டிக்கொண்டு, இழந்த படலத்தின் வேலையைத் தற்காலிகமாகச் செய்கின்றன. அடுத்த குளியலில் போய்விடும். மறுபடி போட வேண்டும். வெந்தயக் கூழும் செம்பருத்தி இலைச் சாறும் தரும் வழவழப்பும் இதே வகைதான். முட்டை அப்படியல்ல, அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை.

கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். முதலில் நுனியில் நான்கு விரற்கடை மட்டும். அது வழுக்கிக்கொண்டு இறங்கிய பிறகு அதற்கு மேலே நான்கு விரற்கடை. ஒரு கையால் முடியை மேலே இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாருங்கள். இழுப்பு வேரில் படாது. சீப்பு நின்றால் இழுக்காதீர்கள், விரலால் பிரியுங்கள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுவையில் நுனிவரை வாரினால், வழியில் உள்ள சிக்கெல்லாம் கீழே ஒரு முடிச்சாகத் திரளும். அதை இழுத்தால் முடி கையோடு வரும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். துண்டால் தட்டி உலர்த்துவதை விட்டுவிடுங்கள்.

போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பிளீச் செய்த முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்பை நீக்குவதற்கென்றே விற்கும் ஷாம்பூவை மாதம் ஒருமுறை பயன்படுத்தலாம்.

பிணைப்பைச் சரிசெய்யும் பொருள்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2014இல் அமெரிக்காவில் ஓலாப்ளெக்ஸ் வந்த பிறகு இந்த வகை பெருகியது. முடிக்குள் அறுந்துபோன இடங்களில் சிலவற்றை இணைப்பது அவற்றின் நோக்கம். ஒடிவது ஓரளவு குறையலாம். அவை முடியைப் பழையபடி ஆக்குவதில்லை. விலையும் அதிகம். வாங்க முடிந்தால் வாங்குங்கள். வாங்க முடியாதவர்கள் இதற்காகக் கடன்பட வேண்டாம்; எண்ணெயும், ஒரு சாதாரணக் கண்டிஷனரும், அகலப் பல் சீப்பும் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும்.

இந்தப் பயணத்தில் மிகக் கடினமான காலம், ரசாயனத்தை நிறுத்திய நாலாம் மாதத்துக்குப் பிறகு வருகிறது. வேரிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் சுருளாக இருக்கும்; அதற்குக் கீழே தட்டையாகத் தொங்கும். இரண்டும் சந்திக்கும் இடம் எளிதில் ஒடியும். கண்ணாடியில் பார்க்கும்போது புது முடிதான் கெட்டுப்போனதாகத் தோன்றும். பெரும்பாலானவர்கள் மறுபடி பார்லருக்குப் போவது இந்த மாதங்களில்தான். போகாதீர்கள். உங்கள் தலையில் ஆரோக்கியமாக இருப்பது அந்தச் சுருள் முடி மட்டும்தான். தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். வகிட்டை அவ்வப்போது மாற்றுங்கள். மல்லிகைச் சரத்தை ஹேர்பின் குத்தி ஒரே இடத்தில் தினமும் தொங்கவிடாதீர்கள். மதுரைப் பெண்களிடம் பூ வைக்காதே என்று சொல்ல மாட்டேன், இடத்தை மாற்றி வையுங்கள் என்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்ஸரால் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் முடியை நேராக்கிக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. வேலை கிடைக்கவும், பள்ளியில் ஏற்கப்படவும் அது நிபந்தனையாக இருந்தது. 1960களில் இயற்கையான சுருள்முடியை அவர்கள் தங்கள் உரிமையின் அடையாளமாக நிமிர்த்தினார்கள். முடியின் சுருளைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டமே இயற்றியது. நம் நாட்டிலும் சுருட்டை முடி ஏராளம். அதை ஒரு குறையாகக் காட்டும் விளம்பரங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பெண்கள்தான் என் முன்னால் வந்து அமர்கிறார்கள். அவர்கள் முடியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

வேரோடு முடி உதிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெங்கு, டைபாய்டு, பிரசவம், கடும் பட்டினி ஆகியவை நேர்ந்து 2, 3 மாதம் கழித்து முடி நிறைய உதிரும். பெரும்பாலும் தானே திரும்பி வளரும். நீடித்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எடை குறைய வேண்டும் என்று இரவு உணவை விட்ட பெண்ணின் தலையில் எந்த எண்ணெயும் முடியை வளர்க்காது. முட்டை, மீன், பயறு, சுண்டல், முருங்கைக்கீரை வயிற்றுக்குள் போகட்டும். பயோட்டின் மாத்திரை, அந்தச் சத்துக் குறைபாடு உள்ளவர்களுக்கே உதவும். அந்தக் குறைபாடு மிகவும் அரிது. அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவே தவறாக வரலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தலையில் ரசாயனம் பட்டுப் புண்ணாகி, தழும்பு விழுந்த இடத்தில் மயிர்க்காலே அழிந்திருக்கலாம். எரிச்சலும் கொப்புளமும் இருந்தால் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

அழகு நிலையச் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள். வந்தவரிடம் முன்பு என்னென்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் சிறு கொத்து முடியில் முதலில் சோதித்துப் பாருங்கள். தாங்காது என்று தெரிந்தால், தாங்காது என்று சொல்லுங்கள். ஒரு நாள் வருமானம் போகும், அந்தப் பெண்ணின் நம்பிக்கை உங்களோடு இருக்கும். உங்கள் நுரையீரலையும் நினைத்துப் பாருங்கள். முடியை நேராக்கும்போது எழும் புகையை வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஓரிரு முறை சுவாசிக்கிறார். ஏசி போட்டு மூடிய அறையில் நீங்கள் நாள் முழுவதும் சுவாசிக்கிறீர்கள். கண் எரிகிற பொருளை வாங்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மாணவிகளுக்கு: டப்பாவைத் திருப்பி அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டதற்குப் பதில் வராத இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு: "எவ்வளவு முடி இருந்துச்சு, இப்படிப் பண்ணிட்டியே" என்று தினமும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டே பல பெண்கள் அடுத்த ட்ரீட்மென்ட்டுக்கு ஓடுகிறார்கள். அதற்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பொறுமையாகச் சிக்கெடுத்து விடுங்கள். பின்னந்தலையில் அவர்கள் கை எட்டாத இடத்தில் உங்கள் கை வேண்டும்.

இன்றோடு ரசாயனத்தை நிறுத்துகிறவருக்கு, அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது வேரிலிருந்து 12 சென்டிமீட்டர் நல்ல முடி இருக்கும்; அதற்கடுத்த ஆண்டு 24. தோளைத் தொடும் சடையை நெருங்கிவிடுவீர்கள். இதைவிட வேகமாகச் செய்து தருவதாக யார் சொன்னாலும், எவ்வளவு பணம் கேட்டாலும், நம்பாதீர்கள்.